காலையில் ஒரு சப்பாத்தி

கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை தலை சுற்றியது. இரண்டுமே காலை பதினோரு மணி வாக்கில். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி. இன்னொரு தடவை நடந்தால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான், கிடங்கில் பெட்டி எண்ணலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் உயரத்தில் உட்கார்ந்த மனிதர். தரையை நினைத்தே பாதியாகிப் போனார்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வீட்டில் முதல் பட்டதாரி. வாயும் கொஞ்சம் நீளம். ஞாயிறு காலை அப்பாவின் சர்க்கரை வைத்தியச் சீட்டை மேசையில் விரித்தாள். மாத்திரை சரி, அளவும் சரி. கீழே டாக்டர் கிறுக்கியிருந்தார்: காலை உணவு, சப்பாத்தி.

அவளுக்கு இடித்தது. அம்மா ஆறு மணி ஷிஃப்டுக்கு ஓடிவிடுவாள். இந்த வீட்டில் காலையில் அடுப்பே எரியாதே.

"அப்பா, சப்பாத்தி யாரு சுட்டுத் தர்றா?"

"யாரும் சுடல. நானே அடிச்சுக்குறேன்."

"எதுல?"

"மிக்சியில."

மிக்சி ஜாரைத் திறந்தாள். பச்சை வாடை, விரலை வைத்து எடுத்தால் நூல் மாதிரி இழுத்தது. போன வாரம் அப்பாவின் உள்ளங்கையிலிருந்து அவள் பிடுங்கிய ரோமம் போன்ற முட்கள் நினைவுக்கு வந்தன. சாக்கு குத்தியதென்று சாதித்திருந்தார்.

"சப்பாத்திக் கள்ளியா?"

"லாரி ஷெட்டுக்குப் பின்னாடி புதரா கெடக்கு. சர்க்கரைக்கு நல்லதுன்னு எதிர்வீட்டு பெயிண்டர் சொன்னாரு. நான் ஒண்ணும் ஒளிக்கல. டாக்டர்கிட்ட சப்பாத்தின்னு சொன்னேன், ரொம்ப நல்லதுன்னாரு."

"கள்ளிங்கறத எங்க முழுங்கினீங்க?"

"கள்ளின்னா கள்ளிப்பால நெனச்சு திட்டுவாருல்ல? அது விஷம், இது வேற."

"வேறதான். இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"அதான், அந்த ஜூஸு. அப்புறம் மாத்திரை."

அவர் நெற்றி ஏற்கெனவே பளபளத்தது. ஓடிப்போய் மீட்டரை எடுத்து விரலில் குத்தினாள். ஐம்பத்தெட்டு. வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி கழித்து எண்பத்தொன்று. அதற்குப் பிறகு பிரெட்.

"பெயிண்டர் சொன்னது முழுப் பொய்யா இருந்தாகூட தேவலாம்ப்பா. அது சர்க்கரைய கொஞ்சம் இறக்கலாம்னு சின்னச் சின்ன ஆராய்ச்சி இருக்கு. மாத்திரையும் இறக்குது. நடுவுல வயித்துல சோறு இல்ல. மூணுல எது எவ்வளவு இறக்குச்சுன்னு எனக்கே தெரியாது."

"கள்ளிப் பழமும் தின்னக் கூடாதா?"

"முள்ள சுத்தமா எடுத்துட்டு, டாக்டரக் கேட்டுட்டு."

திங்கட்கிழமை டாக்டர் சீட்டைப் பார்த்தார். "சப்பாத்தின்னா சப்பாத்தின்னுதானம்மா எழுதுவேன்?"

"எத்தனைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அரை டம்ளர்னு சொல்லியிருப்பாரு சார்."

டாக்டர் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்தார். ஜூஸ் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை, இரண்டு வாரம் தினமும் அளந்து எழுதுங்கள், அதுவரை கிரேன் கூடாது என்றார்.

இரண்டு வாரமும் எண் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் கொடுத்த சான்றிதழை வாங்கிக்கொண்ட மேலாளர், ஏணிக்கடியில் நின்று கேட்டார்: "காலையில என்னய்யா சாப்பிட்ட?"

அப்பா ஒரு கால் ஏணியில் வைத்திருந்தார்.

"பிரெட்டு சார். நாலு துண்டு. கடையில வாங்கினது, கோதுமையில செஞ்சது."