இருபத்து நான்கு முளைகள்

என் பெயர் எழுதிய சீட்டில் 'இரும்பு முளை, இருபத்து நான்கு' என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடலூர் சபையின் பாடகர் குழுவில் பதினெட்டு வருடமாக நிற்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமை ஆசிரியர். எனக்குப் போய், கூடாரக் கயிறு கட்டத் தரையில் அடிக்கிற முளையா?

விடுமுறை வகுப்புப் பிள்ளைகளுக்கு மோசே காலத்து இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டியே காட்டிவிட வேண்டும் என்பது போதகர் ஞானசிகாமணியின் ஆசை. அதற்காகச் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தைப் பிடித்திருந்தார். வனாந்தரத்தில் ஆலய ஊழியக் குலத்தாரான லேவியர்கள் கூடாரத்தைச் சுமந்து போகும்போது, யார் எதைச் சுமக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பெயர் சொல்லித்தான் ஒப்படைப்பார்களாம். பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்தவர்களும் உண்டு, முளையையும் கயிற்றையும் சுமந்தவர்களும் உண்டு. எங்களுக்கும் போதகர் அப்படியே ஒப்படைத்தார். என் மைத்துனன் ஜெயப்பிரகாஷுக்குப் பெட்டி. என் மனைவி பிரிசில்லாவுக்குக் கயிறு.

"மொளைய நல்லா அடி மாமா. பாட்டு நாங்க பாடிக்கிறோம்" என்று ஜெயப்பிரகாஷ் கண்ணடித்தான். நான் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு முளை அடித்து முடித்தபோது, பெட்டி தூக்க ஓர் ஆள் குறைகிறது என்று அவனே கையாட்டிக் கூப்பிட்டான். மீதி இரண்டும் தெற்கு மூலைக்கானவை. முதல் நாள் மழையில் அங்கே களிமண் ஊறிக் கிடந்தது. விரல் ஆழத்துக்குக் குத்தி, கயிற்றை மாட்டிவிட்டு, அப்புறம் வந்து அடித்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

பிள்ளைகள் இருபது பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாடியபடி நுழைந்தோம். அந்த நேரம் பார்த்து வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. தார்ப்பாய் உப்பி எழுந்தது. தெற்கு மூலையின் இரும்புத் தூண் மெல்ல அசைந்தது.

அதன் அடியில் என் மகள் தமிழினி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

கத்தினால் பிள்ளைகள் மிரண்டு ஓடித் தூணில் இடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முளையை அடிக்காமல் விட்டவன் நான்தான் என்று சபைக்கே தெரிந்துவிடுமே என்று பயந்தேன். பெற்ற பிள்ளையின் தலைக்கு மேல் இரும்பு ஆடுகிறது, நான் என் மானத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு சரணம் முழுக்க நின்றேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

இரண்டாவது காற்றில் தூண் நன்றாகவே சாய்ந்தது. விழப்போகிறது என்று கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது பாதியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டிய எறக்கு மச்சான். கூடாரம் சாயுது. புள்ளைங்கள வெளிய கூட்டிக்கினு போ" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

சேற்றில் பிரிசில்லா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கயிற்றையும் இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்திருந்தாள். பிடுங்கிக்கொண்ட முளைகள் பக்கத்தில் கிடந்தன. அவள் உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் கசிந்தது.

"கத்திப் பாத்தேன். உள்ள பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல" என்றாள்.

சம்மட்டியை எடுத்தேன். அவசரத்தில் முதல் அடி மண்ணில் விழுந்தது.

"நிதானமா அடிங்க. நான் புடிச்சிருக்கேன்."

"நீ எப்படி இங்க வந்த?"

"கயிறு எம்பேருல இருக்குதே. ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்துக்கினே வந்தேன்."

கடைசி முளை இறங்கிய பிறகுதான் அவள் பிடியை விட்டாள். பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் வெளியே வந்திருந்தார்கள். தமிழினி மழை வருமா என்று கேட்டாள்.

சாயங்காலம் கூடாரத்தைப் பிரித்ததும் போதகர் பட்டியலை வாசித்தார். பொருளையும் பெயரையும் சொல்ல, அவரவர் "இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். ஈரக் களிமண்தான் காரணம் என்று அவராகவே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பிரிசில்லா வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டை கட்டிய கையோடு கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இரும்பு முளை இருபத்து நாலு. இளவரசு."

சாக்கில் இருபத்து நான்கும் இருந்தன. 'இருக்கு' என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. தூணுக்கு அடியில் பிள்ளையைப் பார்த்தபோது வந்த அதே பயம் திரும்ப வந்தது.

"இருபத்திரண்டுதான் ஐயா ஒழுங்கா அடிச்சேன். மீதி ரெண்டு மொளை எடத்துல எம் பொண்டாட்டி ஒக்காந்திருந்தா."

போதகர் பட்டியலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரியை வாசித்தார்.

"கயிறு இருபத்து நாலு. பிரிசில்லா."

"இருக்கு ஐயா" என்றாள்.