மேடைக்கு ஒரு லேப்டாப்

கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போடுவது என் தொழில். டிஜே என்று சொன்னால் சிலர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்ட, பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு அம்மாவான ஒருத்தி இந்த வேலையைச் செய்வாள் என்று அவர்களால் நம்ப முடிவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஒரு கூட்டத்துக்கு எப்போது கால் துறுதுறுக்கும், எப்போது சாப்பாட்டுப் பக்கம் கண் போகும் என்பது எனக்கு அத்துபடி. என் லேப்டாப் எப்போது காலை வாரும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அதுவும் ஒருநாள் தெரிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து மண்டப வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். எல்லோரும் எழுந்து திரும்பிப் பார்க்கிறார்கள். நான் மெல்ல மெல்லப் பாட்டை ஏற்றிக்கொண்டு போகிறேன். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் முழுக்க மணி அடித்தது. வீடியோ அழைப்பு. என் மாமியார், அதாவது அத்தை, தினமும் தன் அக்காவோடு பேசுவது அந்த லேப்டாப்பில்தான். பதற்றத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் பதிலாகப் பச்சையை அமுக்கிவிட்டேன்.

"ஏண்டி, வயிறு சரியாச்சா? காலைல போனியா இல்லியா?" என்று அந்த அக்கா, எங்கள் பெரிய அத்தை, மண்டபம் அதிரக் கேட்டார்.

கூட்டம் சிரித்தது. நான் அவசர அவசரமாக அழைப்பை மூடப் போக, லேப்டாப் அப்படியே உறைந்து போனது. பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பெண் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். பிறகு பாட்டே இல்லாமல் நடந்து வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எனக்கு வேலை தருவது அந்த மண்டபத்தின் மேலாளர்தான். சுற்றுவட்டார மண்டபக்காரர்களும் அவரைக் கேட்டுத்தான் ஆள் பிடிப்பார்கள். அவர் கோபக்காரர் இல்லை, அதனால்தான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

"சிரிச்சுட்டாங்க, அதனால தப்பிச்சோம். அடுத்த மாசம் பகல்ல ஒரு வரவேற்பு இருக்கு. அதை உங்களுக்கேதான் தர்றேன். அதுலயும் இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்மா."

அவர் கைவிட்டால் என் கதி பழைய கால் சென்டர் வேலைதான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, "உங்கள் பொறுமைக்கு நன்றி" சொல்லும் வேலை. அதைவிட்டு வெளியே வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடியும் அந்த நாற்காலியில் போய் உட்கார நான் தயாராக இல்லை.

புது லேப்டாப் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். சொன்னதும் வீடே கூடிவிட்டது. எங்கள் வீட்டில் 'என்' என்ற சொல்லுக்குப் புழக்கமே கிடையாது. நம்ம துண்டு, நம்ம குடை, நம்ம சார்ஜர். அன்பான வீடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம்ம சார்ஜர் என்றால் தேடும்போது அது யாரிடமும் இருக்காது. அதேபோலத்தான் நம்ம லேப்டாப்பும். அதில் என் வீட்டுக்காரரின் அலுவலகக் கணக்கு இருந்தது, மாமாவின் செய்திகள் இருந்தன, பையனின் விளையாட்டுகள் இருந்தன, கொழுந்தன் பாதி இறக்கி மீதியை மறந்த என்னென்னவோ இருந்தன. என் பாட்டுகள் ஒரு மூலையில் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

திரை பெரிதாக இருந்தால் செய்தி படிக்க வசதி என்றார் மாமா. கேமரா தெளிவாக இருக்கட்டும், அக்காவின் முகம் மங்கலாகத் தெரிகிறது என்றார் அத்தை. கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு. அவன் வாயைத் திறந்தால் எண்களாகக் கொட்டும். இருப்பதிலேயே வேகமானதை வாங்கிவிட்டால் எல்லோருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னான். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் தலையாட்டினார். அது அவருடைய பிறவிக் குணம். உனக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு என்றார்.

கடைக்கு அவரும் கொழுந்தனும் என்னோடு வந்தார்கள். நான் மிக்ஸரை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். மிக்ஸர் என்றால் நான் வாசிக்கிற பெட்டி; தட்டுகளும் திருகுகளும் அதில்தான் இருக்கின்றன. பாட்டு லேப்டாப்பில் இருக்கும், என் கை மிக்ஸரில் இருக்கும், இரண்டையும் சேர்ப்பது ஒரு ஒயர். கடையில் விற்பனை பார்க்கும் பெண், லேப்டாப் வாங்க வருகிறவர்கள் யாரும் இப்படி மூட்டை முடிச்சோடு வந்ததில்லை என்றாள். பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதானே போக வேண்டும் என்றேன்.

கொழுந்தன் காட்டிய முதல் லேப்டாப்பின் விசைகளுக்கு அடியில் கலர் கலராக விளக்கு எரிந்தது. வேகம் பிரமாதம். மிக்ஸரைச் செருகிப் பாட்டை ஓட்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த ஃபேன் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. அது போகட்டும், மண்டபத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது. ஆனால் பாட்டுக்கு நடுவில் அடிக்கடி கடுகு வெடிக்கிற சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். பெரிய ஸ்பீக்கரில் அது சவுக்கடி மாதிரிக் கேட்கும். அது வேண்டாம் என்றேன்.

அடுத்தது தகடு மாதிரி ஒன்று. ஒரு விரலில் தூக்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். நான் ஒயரைச் செருகி, பாட்டை ஓடவிட்டு, ஒயரை லேசாக ஆட்டினேன். பாட்டு நின்றது. மேடை என்றால் ஆள் ஆடுவான், பலகை அதிரும், யார் காலாவது ஒயரில் இடறும். இது நோஞ்சான், நமக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெண்ணின் முகம் சுருங்கியது. அழகான பொருளைத் திட்டினால் சிலருக்குத் தாங்காது.

அப்புறம் அவளே ஓரத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். கருப்பாக, தடியாக, கல்லாப்பெட்டி மாதிரி இருந்தது. அலுவலகங்களுக்கு மொத்தமாக வாங்குவார்களாம். ஒயர் துளைகள் இறுக்கமாக இருந்தன. ஆட்டினேன், நிற்கவில்லை. பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. என் வீட்டுக்காரரை மேசையைக் குலுக்கச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெட்கத்தோடு குலுக்கினார், அப்போதும் நிற்கவில்லை. ஆனால் இதிலும் அந்தக் கடுகு ஒன்றிரண்டு வெடித்தது. என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்த கொழுந்தன், நகருங்க அண்ணி என்று உட்கார்ந்தான். வைஃபையை அணைத்தான், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற ஏதோ ஒன்றை நிறுத்தினான். சத்தம் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம், வரவேயில்லை. எண்களை விட்டுவிட்டு அவன் சொன்னது ஒன்றுதான்: பாட்டு ஓடும்போது வேறு எந்த வேலையும் இதற்குக் கொடுக்கக் கூடாது. அவன் படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாக மரியாதை கொடுத்தேன்.

அந்த வார்த்தை என் மண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வேறு எந்த வேலையும். அப்படியென்றால் பழைய லேப்டாப் கெட்டதே இல்லை. ஆறு பேர் ஏறி உட்கார்ந்தால் எந்தக் கழுதைதான் ஓடும்? எவ்வளவு உறுதியான பெட்டியை வாங்கினாலும், அது நம்ம லேப்டாப் ஆகிவிட்டால் இதே கதைதான்.

பணம் கட்டி முடிந்ததும் கடைக்காரப் பெண் லேப்டாப்பைத் திறந்து, எந்தப் பேரில் போடட்டும் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல முந்திக்கொண்டு, வீட்டுப் பேர் போடுங்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டு போடுங்கள் என்றார்.

"என் பேர் போடுங்க," என்றேன். "பாஸ்வேர்டை நானே போட்டுக்கிறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எனக்குக்கூட சொல்ல மாட்டியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா பெரிய அத்தைக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்க."

கொழுந்தன் கூரையில் தொங்கிய விளக்கை ஆராய ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் லேப்டாப் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் பூட்டு என்று ஒன்று இருந்ததில்லை. இப்போது நான் ஒன்றைப் போட்டுவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் மனசு வலித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை. உங்கள் அலுவலக மேசையில் நான் என்றாவது துணி மடித்து வைத்திருக்கிறேனா என்று கேட்டேன். சில நாட்கள் 'சாப்பாடு ஆச்சா', 'ஆச்சு' என்பதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

அத்தைக்கும் வருத்தம்தான். புது லேப்டாப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, அன்றைக்கு வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்குக் கோபமா என்று கேட்டார். கோபமில்லை, அழுதாள் என்று சொன்னேன். அத்தை ஒரு துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்து வைத்தார். மறுநாள் காலையில் மாமா செய்தி பார்க்க அலமாரிப் பக்கம் கை நீட்டியபோது கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அதைத் தொடாதீங்க. அது அவ பொழப்பு."

மாமா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவருக்கு அதெல்லாம் பிடிக்காது, அதனால் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வரவேற்பு நாள் வந்தது. லேப்டாப்பில் பாட்டுகளைத் தவிர வேறு ஒன்றையும் நான் வைக்கவில்லை. அப்டேட்டையெல்லாம் முன்கூட்டியே முடித்துவிட்டு வைஃபையை அணைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் எப்போதும் போல ஸ்பீக்கர் தூக்க வந்தார், முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தபோது ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். பாட்டை ஏற்றினேன். ஏறியது. அவர்கள் மேடைக்கு வந்து உட்காரும்வரை ஒரு பிசிறில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. சாப்பாடு முடிந்ததும் சின்னஞ்சிறுசுகள் ஆட வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே பெரியவர்களும் வந்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் பெண்ணின் சித்தப்பா ஒரு பென் டிரைவோடு வந்தார். இதில் ஒரு பாட்டு இருக்கிறது, உடனே போட வேண்டும் என்றார். அது எங்கெங்கே போய் வந்த பென் டிரைவோ, அதில் என்னென்ன நோய் இருக்கிறதோ. நான் தயங்கினேன். அவர் சாப்பிட்ட கையோடு தானே செருக வந்துவிட்டார். அப்போது குறுக்கே ஒரு கை வந்தது. என் வீட்டுக்காரர்.

"மன்னிச்சுக்கங்க சார். அந்த லேப்டாப்ல வேற எதையும் போடுறதில்ல."

யாருக்கும் முடியாது என்று சொல்லி அறியாத மனுஷன். அவர் குரல் நடுங்கியது, கை மட்டும் இறங்கவில்லை. சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண் வீட்டுக்காரனுக்கே மரியாதை இல்லையா என்று சத்தம் போட்டுவிட்டு நேராக மேலாளரைத் தேடிப் போகத் திரும்பினார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, என்ன பாட்டு என்று கேட்டேன். பேர் தெரியவில்லை. பாடிக் காட்டச் சொன்னேன். பாடினார், அவர் பாடியதை, அந்தப் பாட்டை எழுதியவரே கேட்டிருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் பாடும்போது அவர் விரல் மேசையில் தாளம் போட்டது. அந்தத் தாளம் பிசகவில்லை. அது போதும், என்ன பாட்டு என்று பிடிபட்டுவிட்டது. தேடி எடுத்தேன், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் வாலோடு சேர்த்துக் கோத்துவிட்டேன்.

முதல் அடி கேட்டதும் மணப்பெண் சட்டென்று திரும்பினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயசில் அவர் பாதத்தின் மேல் ஏறி நின்று அவள் ஆடிய பாட்டாம், பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பட்டுப்புடவையோடு அவள் அன்றைக்கும் அவர் பாதத்தில் ஏறப் பார்த்தாள். அவர் வலியில் கத்திக்கொண்டே சிரித்தார்.

சத்தம் கேட்டு வந்த மேலாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் போனார். எல்லோரும் அப்படித்தான், குறை சொல்ல என்னிடம் வருவார்கள், தேதியும் பணமும் பேச அவரிடம்தான் போவார்கள். அடுத்த சீசனுக்கு மொத்தமாகத் தேதிகளைப் பேசிவிடலாமா என்று மேலாளர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"தேதியெல்லாம் அவங்ககிட்ட கேளுங்க சார்," என்றார் என் வீட்டுக்காரர். "வேலை அவங்களோடது. நான் ஸ்பீக்கர் தூக்க வந்தவன்."

மேலாளர் என் பக்கம் திரும்பி நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கித் திரை தெரியவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியும் இடத்துக்கு வந்துவிட்டது, கூட்டத்தின் கால் இன்னும் ஓயவில்லை.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சார்," என்றேன். "இந்தப் பாட்டை ஏத்திட்டு வந்துடுறேன்."

அவர் நின்றார்.