மூன்றாம் வருடமும் சோம்பு

நஜ்லா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சைத் தோல், கொஞ்சம் தேன், அதற்கும் மேலே தெளிவாகச் சோம்பு. போச்சு, இந்த மனுஷனுக்கு இந்த வருடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரே கைகட்டி நின்றவர் கத்தாஸ். பெக்கா பள்ளத்தாக்கில் ஒபைதே என்ற வெள்ளைத் திராட்சையைப் பயிரிட்டு ஒயின் போடுகிறவர். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் ஒயின் சங்கத்து நடுவர்கள் 'சோம்பு வாடை' என்று எழுதி அவரைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது முறையும் தள்ளினால் நெடுஞ்சாலையில் இருக்கும் சங்கத்துப் பலகையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பெய்ரூட் கார்கள் இந்த மண்சாலைக்குள் திரும்புகின்றன. பலகை போனால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட வேண்டியதுதான் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார்.

நஜ்லாவுக்கு நடுவர் வேலையில் இது முதல் வருடம். கூட வந்த இருவரும் பழம் பெருச்சாளிகள். ஷுக்ரிக்கு இருபது வருட அனுபவம். அதை நாளுக்கு இருபது முறை சொல்வார். தௌஃபீக் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

ஷுக்ரி ஒயினை வாயில் சுழற்றி வாளியில் துப்பினார். "என்ன கத்தாஸ், மறுபடியும் அதே கதையா? சோம்பு போட்டு அரக் சாராயம் காய்ச்சுற இடத்துல ஒயின் போடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

"சத்தியமாச் சொல்றேன் ஐயா, நான் அரக் காய்ச்சுறதையே விட்டுட்டேன். தொட்டி புதுசு, குழாய் புதுசு. சோம்பு இந்த வாசப்படி தாண்டல. பொண்டாட்டி கேக்குல போடக்கூட விடல."

"அப்புறம் வாடை எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா?"

தௌஃபீக் தலையாட்டினார்.

ஷுக்ரி கிண்டலுக்குத்தான் கேட்டார். நஜ்லா பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். கேள்வி ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் விடை தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. எழுந்தாள். காலிக் கோப்பையை முகர்ந்தாள், ஒன்றுமில்லை. தொட்டிக்குள் தலையை விட்டாள். குழாய், துடைக்கும் துணி, மரப்பெட்டி எதையும் விடவில்லை. எதிலும் சோம்பு இல்லை.

"ஏம்மா, நடுவரா வந்தியா மோப்ப நாயா வந்தியா? மார்க்கைப் போடு, கிளம்பலாம்" என்றார் ஷுக்ரி.

"ரெண்டே நிமிஷம் சார்."

கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெயிலில் நின்று முகர்ந்தாள். எலுமிச்சை, தேன், நனைந்த கல். அவ்வளவுதான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சோம்பு வந்துவிட்டது. மறுபடி வெளியே போனாள்; இல்லை. உள்ளே வந்தாள், இருந்தது. கத்தாஸ் அவளையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார்.

ஷுக்ரி அவள் கோப்பைக்கு மேல் குனிந்தார். "அப்படி என்னத்தத்தான் தேடுறே?"

அந்த மூச்சு அவள் முகத்தில் பட்டது. நஜ்லாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"சார், போன வருஷமும் மத்தியானச் சாப்பாடு ஆத்தங்கரையில, ஹபீப் வீட்டுலதானே?"

"வருஷா வருஷம் அங்கதான். பழைய சிநேகிதன், சாப்பாடு போடாம அவன் விடுவானா?"

"அரக்கும் இருந்திருக்கும்."

"அரக் இல்லாம இந்த சஹ்லே ஊர்ல சாப்பாடா? வேண்டாம்னா அவன் மனசு நோகாதா? இன்னிக்கு நீதான், கார் ஓட்டணும்னு தொடவேயில்ல."

"சாப்பிட்டதும் நேரா எங்கே வருவீங்க?"

"இங்கதான். வழியில இதுதானே கடைசி..."

ஷுக்ரியின் வாய் திறந்தபடியே நின்றது. சோம்பு இன்னும் நன்றாக வீசியது.

"ஒயின் சுத்தமா இருக்கு சார். வாடை உங்க ரெண்டு பேர் வாயிலேருந்துதான் வருது" என்றாள் நஜ்லா.

தௌஃபீக் முதல்முறையாகத் தலையாட்ட மறந்தார். ஷுக்ரி கோப்பையோடு முற்றத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். எத்தனை முறை முகர்ந்தாலும் அவருக்குச் சோம்புதான் வந்தது. திரும்பி வந்து, தாளில் எழுதியிருந்ததைத் தானே அடித்தார். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறோம், அதுவரை பலகையை யாரும் தொட மாட்டார்கள் என்றார்.

கத்தாஸ் துள்ளிக் குதிப்பார் என்று நஜ்லா எதிர்பார்த்தாள். அவர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அரக் காய்ச்சுற செப்புக் கொப்பரை ஒண்ணு வச்சிருந்தேன். எங்கப்பா செஞ்சது. போன வருஷம் உங்க தாள் வந்த மறுநாளே வித்துட்டேன், இந்த வாடை தொலையட்டும்னு."

"யாருக்கு வித்தீங்க?" நஜ்லா மெதுவாகக் கேட்டாள்.

"ஹபீபுக்குத்தான்."

கத்தாஸ் தலையை நிமிர்த்தி ஷுக்ரியைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

"அரக் எப்படி ஐயா இருந்துச்சு?"

ஷுக்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ரொம்ப நல்லா இருந்துச்சு."