ஆர்டிஸை வீட்டுக்குக் கூட்டிப்போன டிரெட்மில்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் இருக்கும் பெரிய காபிப் பாத்திரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து எங்கள் ஊரில் நிறையப் பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காபிப் பாத்திரத்தின் முன்னால் மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் மனைவி ஆர்டிஸ் தினமும் மதியக் காபியைக் குடித்து முடித்ததும் எழுந்து, கோட்டை மாட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, "சரி, நான் வீட்டுக்குக் கிளம்பறேன்" என்பாள். அவள் நின்றுகொண்டிருப்பது அவளுடைய வீட்டில்தான். திரைச்சீலை தைத்தது அவள், அடுப்பைத் தேர்ந்தெடுத்தது அவள், எதிரே நிற்கும் கிழவனும் அவள் தேர்ந்தெடுத்தவன்தான். ஆனால் அவள் சொல்வது எல்ம் ஏரிப் பக்கம் இருந்த அவள் அப்பாவின் பண்ணைவீட்டை. அதை இடித்துப் பல காலம் ஆயிற்று. இப்போது அங்கே சூரியகாந்தி வயல். ஞாபகம் அவளை விட்டுப் போனபோது எங்கள் கல்யாணத்தையும் மகளையும் முதலில் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்தப் பண்ணைவீட்டை மட்டும் விட்டுவைத்தது.

முன்பெல்லாம் பனிக்காலத்தில் கடைகள் திறப்பதற்கு முன்பே இருவரும் மாலுக்குப் போய், மூடிய கடைகளைச் சுற்றிச் சுற்றி நடப்போம். ஊரிலுள்ள கிழங்கட்டைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். அவள் கால்களில் இருந்த நடை அங்கேயே தீர்ந்துவிடும். வீடு திரும்பினால் வீட்டிலேயே இருப்பாள். பிறகு அந்த மால் மூடப்பட்டுவிட்டது. அவள் கால்களில் நடை மிச்சமாகிவிட்டது.

மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில் ஜனவரி என்றால், குரைக்க வாயைத் திறந்த நாயை அப்படியே தூக்கிவந்து அடுப்பருகே வைத்தால்தான் மீதிக் குரைப்பு வெளியே வரும். அந்தக் குளிரில், வீட்டுச் செருப்போடு, தானியக் கிடங்கின் பின்னால் நடந்துகொண்டிருந்த ஆர்டிஸைப் பனி தள்ளும் வண்டிக்காரர்தான் பார்த்துக் கூட்டிவந்தார். "இன்னிக்கு நான் அந்தப் பக்கம் வந்தேன் ஆர்வில். நாளைக்கு வராம போனா?" என்று கேட்டார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன்.

மகள் ஜோலீன் மினியாபொலிஸிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, கதவுக்கு ஒரு பூட்டு போடுப்பா. கெஞ்சிக் கேக்கறேன்."

எங்கள் முன்கதவுக்குப் பூட்டே கிடையாது. இந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. பனிப்புயலில் வழி தவறியவன் எந்தக் கதவைத் தள்ளினாலும் அது திறக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். என் அப்பா வீட்டில் ஒருமுறை, முன்பின் தெரியாத ஒரு ஆசாமி இரண்டு பன்றிகளோடு வந்து வசந்தம்வரை தங்கினான். பன்றிகள் மட்டும்தான் நன்றி சொல்லிவிட்டுப் போயின.

"தொலைஞ்சு போனவங்களுக்காகத் தெறந்து வச்ச கதவு அது. அதை உங்கம்மாவுக்குப் பூட்டச் சொல்றியா?"

"அது வெளிய தொலைஞ்சவங்களுக்குப்பா. அம்மா உள்ளயே தொலைஞ்சிருக்கா."

நான் போனை வைத்துவிட்டு, டிரெட்மில் வாங்குவது என்று முடிவு செய்தேன். அவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கட்டும், சுவருக்கு உள்ளேயே நடக்கட்டும்.

பக்கத்து வீட்டு லோவெல் உடனே ஓடிவந்தான். "என்னுது சும்மாதாண்டா கெடக்கு, எடுத்துக்கோ. ரொம்ப நம்பகமான மிஷின். வாங்கின நாள்லேருந்து ஒரு சட்டைகூட கீழ விழுந்ததில்ல." எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு டிரெட்மில் இருக்கிறது. துணி காய்கிறது. லோவெலின் இயந்திரத்தில் துணிகளை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். முதல் தடவை கட்டவிழ்த்த கன்றுக்குட்டி போலத் துள்ளியது. மேலே நின்றிருந்த லோவெல் பின்னால் பறந்துபோய்த் துணி துவைக்கும் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தான். "ஆர்டிஸுக்கு இது சரிவராதுடா," என்று அங்கிருந்தபடியே சொன்னான்.

ஆகவே லோவெலும் நானும் ஃபார்கோ நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். ட்ரென்ட் என்ற பையன் வந்தான்.

"ஓடறதுக்கா சார், நடக்கறதுக்கா?"

"வீட்டுக்குப் போறதுக்கு."

ஒருமுறை கண்ணை இமைத்தான், அவ்வளவுதான். நல்ல வளர்ப்பு. "எவ்வளவு தூரம் சார்?"

"முப்பது மைல் இருக்கும் தம்பி. ஆனா வீடு இப்ப இல்ல."

பெரிய திரையில் மலையும் கடற்கரையும் ஓடிக்கொண்டிருந்த வரிசையை அவன் நிற்காமல் தாண்டிப் போனான். மலிவானதையும் தாண்டினான். மெதுவாக நடப்பவர்களால்தான் மட்டமான மோட்டார் சீக்கிரம் சூடேறிப் போகும் என்றான். இரும்புச் சட்டம் கனமாக இருக்க வேண்டும், பெல்ட் நீளமாக இருக்க வேண்டும், கைப்பிடி பின்வரை வர வேண்டும், எறும்பு வேகத்தில் கிளம்ப வேண்டும். எல்லாம் ஒன்றாக இருந்தது ஓரமாக நின்ற ஒரு சாம்பல் நிற இயந்திரத்தில். பார்க்க ஒன்றுமில்லை, எங்களைப் போலவே. அதிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. நுனியில் ஒரு கிளிப்.

"இதை அவங்க கோட்டுல மாட்டிடுங்க சார். கொஞ்சம் விலகிப் போனாலும் கயிறு இழுபட்டு மிஷின் நின்னுடும்."

"கதவுக்கு இதுமாதிரி ஒண்ணு வருமா தம்பி?"

அவன் சிரித்தான். லோவெல் சிரிக்கவில்லை.

பெட்டியை லோவெலின் வண்டியில் ஏற்றிவந்து கராஜில் இறக்கினோம். இயந்திரத்துக்குத் தனி மின்வயர் வேண்டும் என்று ட்ரென்ட் சொல்லியிருந்தான். எலக்ட்ரீஷியன் டுவேன் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்பாமல் போகலாம். டுவேன் சொன்ன நாளுக்கு முன்பே வந்தார்.

எல்ம் ஏரி இருக்கும் திசையில், கிழக்கு ஜன்னலைப் பார்த்து டிரெட்மில்லை நிறுத்தினேன். காபி முடிந்ததும் ஆர்டிஸ் கோட்டோடும் கைப்பையோடும் வந்து நின்றாள்.

"இது எங்க போகுது?"

"எல்ம் ஏரிக்கு."

"நீங்க வரலியா?"

"நான்தாம்மா டிரைவர்."

"பாத்து ஓட்டுங்க. எங்கப்பா மாடு கறக்கறதுக்குள்ள போயிடணும்."

சிவப்புக் கயிற்றை அவள் கோட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அவள் நடந்தாள். தினமும் நடந்தாள். முதலில் தேவாலயத்தைத் தாண்டினாள், பிறகு ரயில் பாதையை, பிறகு பாலத்தை. ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பாலத்தைத் தாண்டிய அன்று அவள் பூட்ஸில் களிமண் ஒட்டியிருந்தது. ஒருநாள் கோட்டுப் பையில் புளிப்புச் செர்ரிகள் கிடந்தன, ஜனவரி மாதத்தில். இன்னொரு நாள் அவள் கூந்தலில் வைக்கோல் வாசம். முகத்தைப் புதைத்து முகர்ந்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். லோவெல் களிமண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மோசமில்ல, இந்த மிஷின்" என்றான். இதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் எதையும் புகழ்வதில்லை.

பிறகு அந்தப் புயல் வந்தது. நான் சமையலறையில் இரண்டாவது தடவை காபி போட்டுக்கொண்டிருந்தேன். வீடு திடீரென்று அமைதியானது. போய்ப் பார்த்தேன். பெல்ட் நின்றிருந்தது. சிவப்புக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பை கைப்பிடியில் தொங்கியது. பெல்ட்டின் மேல், பின்னாலிருந்து முன்னால்வரை, பனி ஒட்டிய காலடிகள். நான் பார்க்கப் பார்க்க உருகின. பால் கறக்கும் நேரத்துக்கு முன்பே அவள் அப்பா வீட்டை அடைந்துவிட்டாள். எனக்கு வேறு விதமாகத் தோன்றவே இல்லை.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"கதவு, ஆர்வில்?"

"தெறந்துதான் இருந்துச்சும்மா. எப்பவும் போல."

லோவெலும் மற்றவர்களும் பனிமேல் ஓடும் வண்டிகளை எடுத்துக்கொண்டு கிழக்கே போய், வயல்களில் விளக்கடித்தபடி எதையோ தேடினார்கள். எதைத் தேடினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தேவாலயத்தின் அடித்தளத்தில், எங்கள் ஊரில் அடக்கத்துக்குப் பிறகு கொடுக்கும் ஹாம் வைத்த பன் கொடுத்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று நானே இந்தக் கதையைச் சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஜோலீன் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், விடவில்லை.

டிரெட்மில் கராஜில், அன்று இறக்கி வைத்த இடத்திலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டிய டேப்பை இன்னும் யாரும் கிழிக்கவில்லை.