சோதனை அறையின் வீடியோ

பொழுது புலருமுன்பே சட்டை ஆலையின் இஸ்திரிப் பிரிவில் நீராவி கிளம்பிவிட்டது. அக்கா சட்டையை விரித்து, அழுத்தி, மடித்து, அடுத்ததை இழுத்தாள். மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குப் போகும் வழியில் தம்பி அவள் பக்கத்தில் நின்று பார்த்தான். அவள் நிமிரவில்லை. அவனோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரமாகிறது.

எந்த முகத்தோடு பேசச் சொல்வான்? வேலை முடிந்து போகும் பெண்கள் துணி திருடுகிறார்களா என்று தடவிப் பார்க்க அங்கே ஓர் அறை உண்டு. அதில் ரகசியமாக ஒரு கேமரா. அந்த வீடியோக்களை முதலாளியும் மேனேஜரும் மட்டும் பார்க்க இணையப் பக்கம் செய்துகொடுத்தவன் தம்பிதான். பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் வைத்தான். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனிக் காவலும் வைத்தான். கேட்பவர் யாரென்று பார்த்த பிறகே அது படத்தைக் கொடுக்கும். படம் திக்கித் திக்கி வருகிறதென்று முதலாளி எரிந்து விழுந்தார். வேறு வழி தேடச் சோம்பல்பட்டு, இவன் அந்தக் காவலை எடுத்துவிட்டான். வாசலில் பூட்டு தொங்கியது, கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. லிங்க் கிடைத்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே எவரும் பார்க்கலாம். யாருக்குக் கிடைக்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மேனேஜர் விளையாட்டாக ஒரு லிங்க்கைச் சிநேகிதனுக்கு அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. அதில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் அக்கா. அவளும் அந்த அறைக்குள் போய்வருகிறவள்தான் என்பது தம்பிக்குத் தெரியாததல்ல. வீடியோக்களை வெறும் எண்களாகவே பார்த்துப் பழகியிருந்தான். அதை நினைத்தால்தான் கூசியது. பிறகு ஓடிப்போய் எல்லாவற்றையும் அடைத்தான். ஃபோன்களுக்குப் போய்ச் சேர்ந்ததை அடைக்க முடியவில்லை.

முதலாளி பழியை, சங்கம் சேர்க்கும் தையல்காரி நெட்டையின் தலையில் கட்டப் பார்த்தார். அவள் பாஸ்வேர்டைத் திருடினாள் என்று சொன்னால் வேலை நிலைக்கும் என்று தம்பிக்கு ஆசை காட்டி, தையல் கூடத்துக்கே அழைத்து வந்தார். எல்லாரையும் கூட்டச் சொன்னார். இயந்திரங்கள் நின்றன.

"சொல்லுப்பா, யார் திருடினது?"

தம்பி தலையை ஆட்டி மறுத்தான். "யாரும் திருடல சார். திருடறதுக்கு அங்க பூட்டே இல்ல. வீடியோ நின்னு நின்னு வருதுன்னு நீங்க திட்டினீங்க. நான்தான் பூட்ட எடுத்துட்டேன்."

"அப்ப தப்பு உன்னோடது. வெளிய போ. மத்தவங்க வேலையப் பாருங்க."

நெட்டை நகரவில்லை. "தப்பு இவனோடதும்தான் சார். அத நாங்க கேட்டுக்கறோம். எங்களுக்குத் தெரியாம அங்க கேமரா வெச்சது யாரு?"

"சரக்கு திருட்டுப் போனா யார் பதில் சொல்றது?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இத்தன வருஷமா தடவிப் பாத்தீங்களே சார், ஒரு நூலாவது கெடச்சுதா?"

முதலாளி, வேலைக்குத் திரும்பாவிட்டால் ஆலையையே மூடிவிடுவதாக மிரட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெண்கள் சோதனை அறைக்குள் நுழையவில்லை. கேமராவைக் கழற்றும்வரை எழுந்திருப்பதில்லை என்று அதன் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். துணி வெட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். வேலை போன தம்பி, கிட்டே போக முகமில்லாமல் ஆலை கேட் அருகே நின்றான்.

அக்கா திரும்பினாள். "அங்க நின்னு என்னடா பாக்கற? வந்து உக்காரு."

அவன் தயங்கினான்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. ஆள் வேணும், அதான் கூப்பிடறேன்."

நெட்டை நகர்ந்து இடம் விட்டாள். அவன் தலை குனிந்தபடி அவர்கள் நடுவே உட்கார்ந்தான்.