சின்ன ரடேனோ

ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த கடிதத்தை கெஸீனா மூன்று முறை படித்தாள். எத்தனை முறை படித்தாலும் அது மாறுவதாக இல்லை.

பெரிய ரடேனோவும் சின்ன ரடேனோவும் ஒரே ஊராட்சி ஆகின்றன. மூத்த ஊரின் பெயர்தான் இரண்டுக்கும் என்று பேச்சு. ரடேனோ என்ற பெயர் முதன்முதலில் வரும் 1274ஆம் ஆண்டு லத்தீன் பட்டயம் எங்களுடையது என்று பெரிய ஊர்க்காரர்கள் வாய் ஓயாமல் சொல்லி வந்தார்கள். அவர்களில் ஊராட்சித் தலைவி கெஸீனாவின் வாய்தான் பெரிது. கடிதமோ வேறு சொன்னது: பட்டயத்தில் இருப்பது ஜெர்மானியர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்து ஏரிக்கரையில் மீன்பிடித்த வெண்டியர் என்ற ஸ்லாவிய மக்களின் ஊர். அதாவது சின்ன ரடேனோ. ஜெர்மானியர்கள் பிறகு வந்து மேட்டு நிலத்தில் குடியேறியதுதான் பெரியது.

"லத்தீனு இங்க யாருக்குத் தெரியும்? பேசாம மேசைக்குள்ள போட்டுப் பூட்டு" என்றான் துணைத்தலைவன் ஃபோல்க்மர். "ரெண்டு ஊருக்கும் சேர்ந்த மன்றத்துல ஒம்பது பேர்ல அஞ்சு பேர் நம்ம ஆளு. வாயை மூடிக்கிட்டிருந்தாலே ஜெயிச்சிருவோம்."

அவளுக்கும் ஆசைதான். அடுத்த தேர்தலிலும் நிற்க வேண்டுமே.

தீயணைப்பு நிலையத்தில் மன்றம் கூடியது. கெஸீனா கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். பீர் பாட்டில்கள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன.

சின்ன ஊரின் கிழவர் ஆர்னோ எக்களிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்:

"தலைவரம்மா, அதுல எங்க ஊரு பேரு என்ன?"

"ரடேனோ."

"சின்னன்னு போடலையா?"

"இல்லீங்க. வெறும் ரடேனோதான்."

"எழுபது வருஷமா சின்ன ஊர்க்காரன், சின்ன ஊர்க்காரன்னு..." என்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"சரி, எங்க ஊரைப் பத்தி?" என்று சீறினான் ஃபோல்க்மர்.

"ஒரு வார்த்தைகூட இல்ல" என்றாள் கெஸீனா. சொல்லும்போது அவளுக்கே வலித்தது.

"வெறும் ரடேனோ" என்ற பெயருக்கு வாக்கெடுப்பு நடந்தது. சின்ன ஊரின் நான்கு கைகள் உயர்ந்தன. ஐந்தாவதாக உயர்ந்தது அவளுடையது.

வரும்போது ஃபோல்க்மர் காரில் வந்தவள், திரும்பும்போது நடந்தாள். அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களின் வீடுகள் எல்லாம் அந்த வழியில்தான் இருந்தன. சேதி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. எதிர்ப்பட்ட முதல் மூன்று பேரும் அவள் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை.