செவப்புச் சாறு

மழைக்கு முன் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். ஸப்ராஸுக்கோ வயது நாற்பது தாண்டிவிட்டது. போன வருடம் புத்தளம் உப்பளத்தின் வரம்பிலேயே மூச்சு வாங்கிக் குந்திவிட்டான். அதற்குப் பிறகுதான் போன் வீடியோவில் யாரோ ஓட்டக்காரன் பீட்ரூட் சாற்றின் பெருமையைச் சொல்லக் கேட்டான். அன்றிலிருந்து விடியக்காலையில் ஒரு கோப்பை. அரைப்பது யார்? பெண்சாதி மர்ளியாதான்.

சும்மா சொல்லக்கூடாது, சாறு வேலை செய்தது. மனிசன் இரண்டு ஆளின் சுமையைச் சுமந்தான். ஒரே ஒரு கரைச்சல், கக்கூஸ் பீங்கான் சிவந்து கிடக்கும். முதல் நாள் மர்ளியா அலறியே விட்டாள்.

"பயப்படாத புள்ள, அது பீட்ரூட் சாயம்," என்று சிரித்தான் அவன்.

"அப்ப ஒரு வாளி தண்ணி ஊத்துங்களேன், கை தேஞ்சா போகும்?"

வெள்ளிக்கிழமை லீவு, சாறும் இல்லை. சனிக்கிழமை பீங்கான் வெள்ளையாக இருக்கும். அவள் பயம் போனது அப்படித்தான்.

போன கிழமை, கற்பிட்டித் தோட்டத்திலிருந்து பீட்ரூட் அனுப்பும் அவளுடைய அண்ணன் பதுர்தீன் நானா, பீட்ரூட்டைப் பிடுங்கி முடித்து மிளகாய் போட்டுவிட்டார். சொன்னால் ஸப்ராஸ் சோர்ந்துபோவான் என்று மர்ளியா சிவப்புச் சர்பத்தில் இஞ்சியும் தேசிக்காயும் கலந்து நீட்டினாள். மூக்கைப் பிடித்துக் குடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? அதே பெலத்தோடு போனான். மறுநாளிலிருந்து பீங்கான் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

ஐந்தாம் நாள் காலை கக்கூஸ் கழுவப் போனாள். பீங்கான் சிவந்து கிடந்தது.

"இந்த மனிசனுக்கு எத்தன தரம் சொல்ற!" என்று வாளியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். வீட்டில் பீட்ரூட் இல்லை. நாலு நாளாக இல்லை. யா அல்லாஹ்! ஓடிப்போய் போனை எடுத்தாள்.

"வேலைய உட்டுட்டு வாங்க! ஆசுபத்திரிக்குப் போவோம்!"

"வானம் கறுத்து ஈக்கி, இப்பயா? இடுப்பு மட்டும் கொஞ்சம் வலிக்கி, வேற ஒண்டுமில்ல."

"கக்கூஸ்ல செவந்து கெடக்கிறது பீட்ரூட் இல்லங்க, ரத்தம்! நாலு நாளா நான் தந்தது சர்பத்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "போ புள்ள, சர்பத் குடிச்சா இந்தப் பெலன் வருமா?" என்று போனை வைத்துவிட்டான்.

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். மழை விழ இன்னும் ஒரு மணித்தியாலமாவது ஆகும். அதுவரைக்கும் அவன் சுமப்பதை நிறுத்தமாட்டான்.